பழையது அணையல்ல, நெல்!

பழனிக்கு வருகிறவர்கள் பாலாறு-பொருந்தலாறு அணையைப் பார்க்க வேண்டும் என்றாலே எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. கைப்பேசியை நீட்டி, "இது 2,500 வருடத்துக்கு முந்தைய அணையாமே?" என்று ஆரம்பிப்பார்கள். போன வாரம் சென்னையிலிருந்து வந்த அக்காள் மகனும் அதையேதான் கேட்டான். இது சுதந்திரத்துக்குப் பிறகு கட்டியதடா, 65 அடி அணை என்றேன். முகம் தொங்கிவிட்டது.

பழையது பக்கத்திலிருக்கும் பொருந்தல் என்ற ஊர். தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தபோது ஈமக்குழி ஒன்றில், ஒரு நாலுகால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். செத்தவரோடு ஜாடி நிறையப் போட்டு அனுப்பும் அளவுக்கு வீட்டில் நெல் இருந்திருக்கிறது! அப்படியானால் ஆற்றை எங்கோ மறித்து வயலுக்குத் திருப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான். அதை அணை என்று எழுதிப் பரப்புகிறவர்கள் மீதுதான் என் கோபமெல்லாம். கையிலிருக்கும் நெல் போதாதா?

முன்னோரின் நீர் அறிவைப் பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கம் போய்க் குமிழித் தூம்பைப் பாருங்கள், குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய மதகு அது. கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். நடுவே அடைப்பு போட்ட துளை. அடைப்பைத் தூக்கினால் மேல்துளை வழியாகத் தண்ணீரும் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாகச் சேறும் சேர்ந்து கரைக்குக் கீழே ஓடி வெளியேறும். பாசனம் நடக்கும்போதே குளம் ஓரளவு தூரும் வாரிக்கொள்ளும், வண்டல் வயலுக்கு உரமாகும். இங்கே நாம் வையாபுரிக் குளத்து ஆகாயத்தாமரையை அள்ளி முடிப்பதற்குள் அது மறுபடி முளைத்துவிடுகிறது. அது தனிக் கதை.

மாலையில் அக்காள் மகனை அணையின் பின்பக்கமாக, நண்பரின் தோப்புக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் இறங்கியிருந்த இடமெல்லாம் பச்சைப் புல். காய்ந்துகொண்டிருந்த சேற்றில் முறத்தளவுக்கு ஒரு யானைக் காலடி. அதில் ஒரு சாண் தண்ணீர் நின்றது, அதற்குள் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. சுற்றியுள்ள சேறெல்லாம் வெடித்துக் கிடக்க, அந்தக் குழி மட்டும் வற்றவில்லை. பையன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தி சாயும்போது எதிர்க்கரையில் மூன்று யானைகள் இறங்கின. கூட ஒரு குட்டி. தண்ணீரைத் தொடுவதற்குள் இந்தப் பக்கம் நின்ற காரிலிருந்து ஒருவர் ஹாரனை அடித்தார், இன்னொருவர் விசில். முன்னால் வந்த யானை தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. குட்டியைக் கால்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டது. அவ்வளவுதான், எல்லாம் திரும்பி மரங்களுக்குள் போய்விட்டன. மலையிலிருந்து வரும் தண்ணீரை அடிவாரத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, அதைத் தேடி வருகிற யானையை 'ஊருக்குள் புகுந்து அட்டகாசம்' என்று எழுதுகிறோமே, அட்டகாசம் யாருடையது?

திரும்பும் வழியில் பையன் கேட்டான், "குட்டி தண்ணீர் குடித்திருக்குமா மாமா?"

இருட்டியதும் மறுபடி இறங்கியிருக்கும் என்றேன். ஹாரன் அடித்த கார் அப்போதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.