சீனாவில் 'மனித-குரங்குக் கலப்புக் குட்டிகள்' பிறந்தனவா?

ஐந்து குட்டிக் குரங்குகளின் படத்தோடு, “மனித மரபணுவைக் கலந்து சீனா உருவாக்கிய பாதி மனிதர்கள்” என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது தவறு.

ஷாங்காய் நரம்பியல் நிறுவன விஞ்ஞானிகள் குரங்குகளின் கருநிலையிலேயே, தூக்க-விழிப்பு நேரத்தை ஒழுங்குபடுத்தும் உடல் கடிகாரத்தை இயக்கும் பிமால்1 மரபணுவை, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் செயலிழக்கச் செய்தார்கள். அப்படிப் பிறந்த ஒரு குரங்கின் தோல் செல்லிலிருந்து குளோனிங் செய்யப்பட்டவையே இந்த ஐந்தும். மனித மரபணு எதுவும் சேர்க்கப்படவில்லை. தூக்கக் கோளாறு, மனநோய்களை ஆராய்வதே நோக்கம்.

இவ்வகைக் குரங்குகள் இரவில் சரியாகத் தூங்காமல் நடமாடின, பதற்றமும் காட்டின. அந்த வேதனையை எதிர்த்துக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. 2019 ஜனவரியில் ‘நேஷனல் சயின்ஸ் ரிவியூ’ இதழில் வெளியான இரு ஆய்வுக் கட்டுரைகளில் விவரங்களைச் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலைத் தயவுசெய்து இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்.