சுவரொட்டி வரைந்தது போதும்

ஏப்ரல் வந்தால் பள்ளிகளில் பச்சை வண்ணம் தீர்ந்துபோகும். பூமி தினத்துக்கு வரைந்த சுவரொட்டிகள் வகுப்பு வாசலிலும் உணவகத்திலும் தொங்கும். வாயில் தெர்மாமீட்டர் வைத்த பூமி, மூக்கில் உறிஞ்சுகுழல் மாட்டிய ஆமை, மரக்கன்றைத் தாங்கும் இரண்டு கைகள். நான் சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்குப் புவியியல் நடத்துகிறவள். இந்தப் படங்களை வருடாவருடம் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது என்றால், வரைகிற பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

தொடக்கநிலையில் ஆறு வருடம் இதையே கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். குழாயை மூடு, விளக்கை அணை, குப்பையைப் பிரித்துப் போடு. கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் நேற்று ராத்திரி பிரியாணி வாங்கிய டப்பா இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

"குப்பையில, டீச்சர்."

அப்புறம்?

"கீழ போயிருக்கும். லாரி வரும்."

லாரி எங்கே போகும்? அதற்கு மேல் வகுப்பில் சத்தமே இருக்காது.

13, 14 வயதுப் பிள்ளைகளிடம் இன்னொரு உறுதிமொழி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது, அதை யார் தீர்மானித்தார்கள், யாருக்கு லாபம், யார் இழந்தார்கள் என்று அவர்களைக் கணக்குப் போட வைக்க வேண்டும். அந்த வயதில் நியாயம் பேசுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வாயைப் பாடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமே.

குப்பையையே எடுத்துக்கொள்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குப்பைக் குழாயில் நாம் போடும் பை லாரி ஏறி எரியாலைக்குப் போகிறது. எரித்தபின் குப்பையின் பருமன் சுமார் 90 விழுக்காடு குறைகிறது. அந்தச் சூட்டில் மின்சாரமும் எடுக்கிறார்கள். மிஞ்சும் சாம்பல் துவாசிலிருந்து படகில் புலாவ் செமாக்காவுக்குப் போகிறது. செமாக்காவையும் பக்கத்தில் இருந்த சக்கெங் தீவையும் சேர்த்து 7 கிலோமீட்டர் நீளக் கல்லணையால் வளைத்து, அழுக்கு கடலில் கசியாதபடி உள்ளே தடுப்புப் படலமும் களிமண்ணும் போட்டுக் கட்டிய இடம் அது. 1999 ஏப்ரலில் திறந்தார்கள். சக்கெங்கில் இருந்த மீனவக் குடும்பங்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பெருந்தீவுக்கு மாறிவிட்டன. நாட்டில் குப்பை கொட்ட இப்போது இருக்கும் ஒரே இடம் இதுதான். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இன்றைக்கு என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பிடிஓ எனும் புதிய வீவக வீட்டுக்கு மனுப் போடத் தொடங்கும் சமயம் அது. இதைச் சொன்னதும் கடைசி வரிசையில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சுவரொட்டிகளில் தவறாமல் வரும் வாசகம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பை மண்ணில் மக்க 500 வருடம் ஆகும் என்பது. பல நாடுகளில் பொருந்தலாம். ஆனால் சிங்கப்பூரில் உங்கள் வீட்டுப் பையை யாரும் மண்ணில் புதைப்பதில்லையே! சில நாளில் எரித்துவிடுகிறார்கள். இதைச் சொன்னால் உடனே ஒரு பையன், "அப்படின்னா பிளாஸ்டிக் பரவாயில்லையா டீச்சர்?" என்பான். எனக்கு மிகவும் பிடித்த பாடவேளை அங்கேதான் தொடங்குகிறது. பிளாஸ்டிக் பெட்ரோலியத்தில் பிறந்தது, அதை எரித்தால் கரியமில வாயு வெளியாகிறது. எரியாலைக்குப் போகாமல் சாக்கடை வழியாகக் கடலுக்குத் தப்பும் பைதான் ஆமைக்கு எமன். கூடுதல் விலை கொடுத்து வாங்கும் 'மக்கும்' பையும் எங்கள் ஊர்க் குழாயில் விழுந்தால் அதே நெருப்புக்குத்தான் போகும், அது மக்குவதற்கு வாய்ப்பே இல்லை. துணிப்பை நல்லதுதான், ஆனால் பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர் வேண்டும்! பத்துத் தடவை தூக்கிவிட்டு அலமாரியில் போட்டால் அதில் புண்ணியமில்லை. தீபாவளி கலைநிகழ்ச்சிகளில் இலவசமாக வாங்கிச் சேர்த்த துணிப்பைகள் எல்லார் வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கிறது. என் வீட்டிலும்தான்.

2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அதைப் பற்றிப் பேசும்போது ஒரு மாணவி கேட்டாள், "முன்ன கடைப் பையிலதான் குப்பை கட்டுவோம். இப்ப அம்மா குப்பைப் பைன்னு தனியா காசு கொடுத்து வாங்குறாங்க. இதுல என்ன குறைஞ்சது?" இந்தக் கேள்விக்கு நூறு சுவரொட்டிகளைக் கொடுத்துவிடலாம். அவரவர் வீட்டில் ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சில வீடுகளில் உண்மையிலேயே குறைந்திருந்தது. சில வீடுகளில் கடைப் பைக்குப் பதில் வாங்கிய பை, அவ்வளவுதான். ஒரே விதி இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக வேலை செய்கிறது என்று அவர்களே கண்டுபிடித்ததுதான் அந்த வாரத்தின் பாடம்.

மறுபயனீட்டுப் பொருள்களைப் போடும் நீலத் தொட்டியும் இப்படித்தான். 2023-இல் வீட்டுக் குப்பையில் மறுபயனீடு ஆனது 12 விழுக்காடு. நீலத் தொட்டிக்குள் விழுவதிலும் ஏறக்குறைய 40 விழுக்காடு எதற்கும் உதவாதது. பாதி குடித்த பபிள் டீயைத் தூக்கிப் போட்டால் அடியில் இருக்கும் அட்டையும் காகிதமும் கெட்டுப்போகும். நம்மிடம் பொறுப்பு இல்லை என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வோம். பிள்ளைகளைக் கேட்டால் வேறு பதில் வருகிறது: குப்பைக் குழாய் வீட்டுக்குள் அல்லது அதே மாடியில் இருக்கிறது, நீலத் தொட்டிக்கு லிஃப்டில் இறங்க வேண்டும். ஆகவே கட்டடத்தை வடிவமைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2014-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த புதிய வீவக அடுக்குமாடிகளில் மறுபயனீட்டுக்கென்று தனிக் குழாய் வைக்கிறார்கள். பழைய புளோக்கில் இருப்பவன் சோம்பேறி, புது புளோக்கில் இருப்பவன் நல்லவன் என்றா சொல்ல முடியும்?

அடுத்தது நிலம். மனிதனால் சுற்றுச்சூழலுக்கு வந்த கேடு என்றாலே அமேசான் காடும் துருவக் கரடியும்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருகிறது. மரின் பரேடில் குடியிருக்கும் பிள்ளைக்குத் தன் படுக்கையறை ஒரு காலத்தில் கடல் என்பது தெரியாது. 1966-இல் தொடங்கிய கிழக்குக் கரை நில மீட்புக்கு பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டித்தான் மண் கொண்டுவந்தார்கள். அறுபதுகளில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 735 சதுர கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இதற்காகச் சதுப்புநிலக் காடுகள் போயின, பவளப்பாறைகள் புதைந்தன. உள்ளூர் மண் தீர்ந்தபின் வெளியிலிருந்து மணல் வந்தது. இந்தோனேசியா 2007-இல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியது, கம்போடியா 2017-இல். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால், ஆற்றங்கரை சரிந்து வீடிழந்த மக்கள், மீன் குறைந்த கடல் என்று கதை அண்டை நாடுகளுக்கு நீள்கிறது.

"அப்ப கட்டியிருக்கவே கூடாதா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதி நிற்பதும் கடலிலிருந்து மீட்ட நிலத்தில்தான் என்று மட்டும் சொல்வேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

முடிவு எடுக்கிற இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கவும் நம்மிடம் நல்ல கதைகள் இருக்கின்றன. உபின் தீவின் செக் ஜாவா கடலோரத்தை மண் கொட்டி மூடும் திட்டம் 2001-இல் தயாராக இருந்தது. கடல் வற்றும் நேரம் பார்த்து மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், தொண்டூழியர்கள் அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பட்டியல் எடுத்தார்கள், கடிதங்கள் பறந்தன. கடைசியில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. ரத்து செய்யவில்லை, ஒத்திவைத்தது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் குறுக்குத் தீவு ரயில் பாதை. மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு அடியில் நேராகப் போவதா, காட்டைச் சுற்றிப் போவதா? சுற்றினால் பயணம் 6 நிமிடம் கூடும், செலவு சுமார் 200 கோடி வெள்ளி கூடும். 2019 டிசம்பரில் நேர்வழி என்று முடிவானது, சுமார் 70 மீட்டர் ஆழத்தில். என் வகுப்பில் இதை விவாதத்துக்கு விட்டால் மணி அடித்தும் நிற்காது. எறும்புதின்னிக்காக ஆறு நிமிடம் தாமதமாக வீட்டுக்குப் போகத் தயார் என்று ஒரு குழு. அந்த 200 கோடியில் வேறு எங்கெல்லாம் காடு வளர்க்கலாம் என்று இன்னொரு குழு. மனதில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாதபாடு படுகிறேன்.

சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்த கதை எல்லாப் பள்ளியிலும் வரும். 1977-இல் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்தார், 1987-இல் ஆறு சுத்தமானது, இப்போது நீர்நாய் நீந்துகிறது. உண்மைதான், பெருமைப்பட வேண்டியதும்கூட. ஆனால் ஆற்றை அசுத்தமாக்கியவர்கள் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடும் அந்த மனிதர்கள் யார்? பன்றிப்பண்ணை, வாத்துப்பண்ணை வைத்திருந்தவர்கள், தெருவோர வியாபாரிகள், தொங்கான் எனும் சரக்குப் படகு ஓட்டியவர்கள். ஏறக்குறைய 26,000 குடும்பங்களை இடம் மாற்றினார்கள். வீட்டில் மூத்தவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டு எழுதச் சொன்னேன். ஒரு பையனின் தாத்தா ஆற்றோரம் தள்ளுவண்டியில் வியாபாரம் செய்தவர். "தண்ணி நல்லாயிடுச்சு தம்பி. நாத்தம் போச்சு. ஆனா பழைய வாடிக்கைக்காரங்க எல்லாம் புது இடத்துக்கு வரல" என்று சொன்னாராம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறது பாருங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து சில வருடமே ஆன ஒரு மாணவி திருப்பூரில் இருக்கும் தன் பாட்டியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டாள். அவர் நொய்யல் ஆற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார். சாயப்பட்டறைக் கழிவு, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர், தென்னை காய்ந்தது, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது, வேலை இழந்தவர்கள். எங்கோ நடந்தது என்று மற்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பூரில் தைக்கும் பனியன்கள் வெளிநாட்டுக் கடைகளுக்கும் போகின்றன என்று அவள் சொன்னதும், ஒருவர் சட்டையின் பின்கழுத்தை ஒருவர் புரட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

புகைமூட்டத்தை இப்போது வரலாறாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டபோது இவர்கள் கைக்குழந்தைகள். 2015-இல் ஒரு நாள் பள்ளிகளையே மூடினோம் என்றால் கண்ணை விரித்து, "லீவா!" என்கிறார்கள். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் மண்ணே விறகாகிவிடும், தீ தரைக்கு அடியில் வாரக்கணக்கில் கனலும் என்று விளக்கி, அந்த நிலத்தில் நடும் செம்பனையின் எண்ணெய் அவர்கள் சாப்பிடும் உடனடி மீயில் இருக்கிறது என்று முடித்தால் போதும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் வரும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பது ஒன்று. எனக்கென்னவோ, பூமி சாகப்போகிறது என்று சொல்லிவிட்டு அதற்கு உறிஞ்சுகுழலைத் தவிர் என்று மருந்து கொடுப்பதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. வியாதிக்கும் மருந்துக்கும் பொருத்தமில்லை என்று புரியாத அளவு சின்னப் பிள்ளைகள் அல்ல அவர்கள். இது அரசியல் ஆகிவிடாதா என்பது இன்னொன்று. ஒரு காட்டைப் பற்றி இரண்டு பக்கமும் பேசுவது அரசியல் என்றால் புவியியலை நிறுத்திவிட வேண்டியதுதான். மூன்றாவது, நேரம். இது நியாயமான ஆட்சேபம். தேர்வுக்கு முன்னால் எந்த ஆசிரியருக்கும் உபின் போக நேரம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் உயர்நிலை ஒன்று, இரண்டு புவியியலில் கள ஆய்வுக்கு இடம் இருக்கிறது, அதற்குப் பள்ளியின் கார் நிறுத்துமிடமே போதும். மதியம் 2 மணிக்குத் தாரின் மேலும் மர நிழலிலும் தெர்மாமீட்டர் பிடிக்கலாம், அப்படியே கட்டடத்தின் பின்னால் ஏர்கான் சூட்டைத் துப்பும் இடத்திலும் ஒரு தடவை. 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவான அந்தச் சமயத்தில், சில பள்ளிகளில் பிள்ளைகளை விளையாட்டுச் சீருடையிலேயே இருக்க விட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நகர வெப்பத்தைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு: ஜூன் விடுமுறையில் துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவே ஒரு காலை கிடைத்தால் பாசிர் ரிஸ் பூங்காவில் இருக்கும் சதுப்புநிலக் காட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். சுற்றிலும் மீட்ட நிலம், நடுவில் விட்டுவைத்த காடு. மரப்பலகைப் பாதை இருக்கிறது, கட்டணம் கிடையாது. நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் சேற்றுத்துள்ளி மீன்களைப் பார்க்கலாம். கொசு மருந்து மறக்க வேண்டாம். அங்கே நின்று நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், இந்தத் துண்டை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதினால் அடுத்த தவணைக்கு எனக்கு உதவும்.