சாவி யார் இடுப்பில்?

போன மாதம் அக்கா மகளை விடுதியில் சேர்க்கக் கூடப் போயிருந்தேன். பொறியியல் கல்லூரி, பெரிய வளாகம். வார்டன் மேடம் எங்களையும் இன்னும் நாலைந்து பெற்றோரையும் ஒன்றாகக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். மெஸ், பாத்ரூம், குடிதண்ணீர் மெஷின் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் வாசல் க்ரில் கேட்டுக்கு வந்தோம். "எட்டரைக்கு அட்டெண்டன்ஸ். ஒன்பதுக்கு இதைப் பூட்டிடுவோம். காலையில ஆறு மணிக்குத்தான் திறப்போம். நடுவுல ஒரு ஈ கூட உள்ள வரவும் முடியாது, வெளிய போகவும் முடியாது" என்றார். பெற்றோர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதுவரை மெஸ் சாம்பாரைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு அப்பா, பூட்டைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நான் கேட்டேன், "ராத்திரி சாவி யார்கிட்ட மேடம் இருக்கும்?"

"வாட்ச்மேன்கிட்ட."

"அவர் எங்க இருப்பார்?"

"மெயின் கேட்ல."

மெயின் கேட்டிலிருந்து விடுதிக்கு நாங்கள் ஆட்டோவில் வந்திருந்தோம். அடுத்த கேள்வியைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைக் கிள்ளிவிட்டாள்.

அங்கே விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கலைக்கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாலு வருடம் பெண்கள் விடுதிக்கு டெபுடி வார்டனாகவும் இருந்தேன். மூன்று மாடி, சுமார் 180 பிள்ளைகள், ஒரே படிக்கட்டு, ஒரே வாசல். ஒரு மார்கழி விடியற்காலை. கூரையில் சோலார் ஹீட்டர் உண்டு, ஆனால் முதலில் குளிக்கிற இருபது பேருக்கு மேல் அதில் வெந்நீர் வராது. அதனால் பாதி அறைகளில் ஹீட்டர் ராடு ஒளிந்திருக்கும், எங்களுக்கும் தெரியும். இரண்டாவது மாடியில் ஒரு பெண் பிளாஸ்டிக் வாளியில் ராடைப் போட்டுவிட்டுக் கண் அசந்துவிட்டாள். தண்ணீர் வற்றி, வாளி உருகி, ராடு பக்கத்தில் கிடந்த மெத்தையில் விழுந்தது.

தீ பெரிதாக இல்லை. புகைதான். மெத்தைப் பஞ்சுப் புகை எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கண்ணைத் திறக்க முடியாது. அது படிக்கட்டு வழியாகத்தான் ஏறும், இறங்கும். மொட்டை மாடிக் கதவும் பூட்டு (அங்கே போய் போன் பேசுகிறார்கள் என்று பூட்டியது). ஆக 180 பேரும் கீழே வந்தார்கள். கீழே நானும் பூட்டிய க்ரில் கேட்டும்.

வாட்ச்மேன் அண்ணா டீ குடிக்கப் போயிருந்தார். அவர் நம்பருக்கு அடித்தேன். ரிங் கேட்டது, கேட்டுக்கு வெளியே அவர் ஸ்டூல் மேலிருந்து. போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன். பன்னிரண்டு மணி நேர வேலையில் ஒரு மனிதன் டீ குடிக்கத்தான் செய்வார். யாரோ போட்ட சத்தத்தில் ஓடி வந்து பூட்டைத் திறந்தார். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. கேட் உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே நூறு பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து நிற்கிறார்கள். பூட்டு இல்லை, ஆனால் கதவு அசையவில்லை. "பின்னால போங்க" என்று நான் கத்துகிறேன். பின்னால் புகை. யார் போவார்கள்?

எப்படியோ ஒரு ஆள் நுழையும் இடைவெளி கிடைத்தது. ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது, அவ்வளவோடு தப்பித்தோம். மேலே தீயை அணைத்தது இரண்டு மாணவிகள், பாத்ரூம் வாளிகளால். அதற்கு முன்பே மெயினை இறக்கியது மெஸ்ஸில் படுத்திருந்த சமையல்கார அக்கா. அவர் மட்டும் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், ஓடுகிற மின்சாரத்தில் அந்தப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இதில் யாருக்கும் எந்தப் பயிற்சியும் கொடுத்ததில்லை. தீயணைப்பு சிலிண்டர் மூன்று இருந்தன. பிள்ளைகள் விளையாடிவிடுவார்கள் என்று அலுவலக அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம். "பூட்டியிருந்தோம்" என்றுதான் எழுத வேண்டும், அந்தச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.

என் போனில் அந்த முதல் அழைப்புக்கும் கதவு திறந்ததும் முதல்வருக்கு நான் போட்ட அழைப்புக்கும் இடையே 14 நிமிடம்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். மூன்று முடிவுகள். ஹீட்டர் ராடுகளைச் சோதனை போட்டுப் பறிமுதல் செய்வது. அந்தப் பெண்ணின் அப்பாவை வரவழைப்பது. மூன்றாவது, கேட்டுக்கு இன்னொரு பூட்டு. ஏனென்றால், "அந்தக் கலவரத்துல வெளியாள் யாராச்சும் உள்ள புகுந்திருந்தா?"

நகைச்சுவைக்காக எழுதவில்லை, நடந்ததே இதுதான். பெண்கள் விடுதியில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு நம் அகராதியில் ஒரே பொருள்தான், பூட்டு. அதே வளாகத்தில் ஆண்கள் விடுதியின் கதவு ராத்திரி முழுக்கத் திறந்து கிடக்கும். தீ விபத்து என்று வந்தால் பையன்கள் பத்து நொடியில் மைதானத்தில் நிற்பார்கள். யாரும் திட்டமிட்டுக் கொடுத்த பாதுகாப்பு இல்லை அது. அவர்களைப் பூட்டி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2023 மே மாதம் தென்னமெரிக்காவில் கயானா நாட்டின் மாடியா என்ற ஊரில் ஒரு பள்ளி மாணவிகள் விடுதி எரிந்தது. ஏறத்தாழ இருபது பிள்ளைகள் இறந்தார்கள். செல்போனைப் பறித்துக்கொண்ட கோபத்தில் ஒரு மாணவியே தீ வைத்ததாக அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. பிள்ளைகள் ராத்திரி வெளியே போய்விடக்கூடாது என்று கதவுகளைப் பூட்டியிருந்தார், அங்கேயே தங்கியிருந்த விடுதிப் பொறுப்பாளர். தீப்பிடித்ததும் பதற்றத்தில் அவருக்குச் சாவி கிடைக்கவில்லை. இறந்தவர்களில் அவருடைய சின்ன மகனும் ஒருவன். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா பிள்ளைகளிடம் அக்கறை இல்லாதவர் என்று யாராவது சொல்ல முடியுமா? சொந்தப் பிள்ளையையும் அதே பூட்டுக்குள்தான் படுக்க வைத்திருந்தார்.

கயானா வேண்டாம், மதுரைக்கு வருவோம். 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் விடியற்காலை ஃபிரிட்ஜில் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி அன்றே இரண்டு பெண்கள் இறந்தார்கள். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

கும்பகோணத்தை நினைக்காமல் இதை எழுத முடியாது. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். அதற்கப்புறம் ஊர் ஊராகப் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரைகளைப் பிரித்தோம். நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் கீற்று மட்டுமா இருந்தது? மாடியிலிருந்து குழந்தைகள் இறங்க ஒரு குறுகலான படிக்கட்டும் இருந்தது. கீற்றிலிருந்து பாடம் படித்தோம். படிக்கட்டிலிருந்து படிக்கவில்லை. இன்றைக்குக் கான்கிரீட் கூரை போட்டு, கண்ணாடி முகப்பு வைத்து, அதற்குள் ஒரே படிக்கட்டும் அடியில் க்ரில் கேட்டும் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

விதி இல்லாமலா? தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பு, வெளியேறும் கதவு உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே திறக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது. அதே சமயம் மாணவர் பாதுகாப்புக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலை எடுத்துப் பாருங்கள். அதில் பேரிடர் பயிற்சி பற்றியும் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் வருவது, ஏற முடியாத உயரத்துக்கு மதில், அதன்மேல் முள்கம்பிச் சுருள். நிர்வாகங்கள் எதை முதலில் செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதே 2015-ல்தான் டெல்லி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று கிளம்பினார்கள். அதைச் சுதந்திரம் பற்றிய பேச்சாக மட்டுமே நாம் பார்த்தோம், நான் உட்பட. உயிர் பற்றிய பேச்சும்தான் அது.

இந்த இடத்தில் பெற்றோர் கேட்பது தெரிகிறது. "அண்ணா பல்கலைக்கழகத்துல நடந்தது என்ன?" 2024 டிசம்பரில் அங்கே ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு மகளை விடுதியில் சேர்க்கிற யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது நடந்தது இரவு எட்டு மணி வாக்கில், வளாகத்தின் திறந்தவெளியில். குற்றவாளி வெளியிலிருந்து வந்தவன். விடுதிக் கேட்டில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் விளக்கு, ரோந்து, வெளியாள் எப்படி உள்ளே வருகிறான், புகார் கொடுத்தால் ரகசியம் காக்கப்படுமா என்பவை. கடைசிக் கேள்வி சும்மா கேட்பதல்ல. அந்த வழக்கின் எஃப்ஐஆர் வெளியே கசிந்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

வெளியாள் வரக்கூடாது, சரி. அதற்கு வெளிப்பக்கம் திறக்காத கதவு போதுமே. உள்ளிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் திறக்கிற கதவு, பேனிக் பார் என்பார்கள், சினிமா தியேட்டர்களிலும் மால்களிலும் தினம் பார்க்கிறோம். படம் பார்க்கப் போகிறவருக்கு இருக்கிற உரிமை, பணம் கட்டி மூன்று வருடம் தங்கிப் படிக்கிற பெண்ணுக்கு இல்லை.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி, கேட் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டி, உள்ளே மாற்றுச் சாவி வைக்க வைத்தேன். அவசரத்துக்குக் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வாரம் ஒரு பிறந்தநாள். நள்ளிரவில் கேக் வாங்கி வந்த ஒரு தோழியை உள்ளே விட, கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் பாவிகள். மறுநாளே பெட்டியைக் கழற்றியாயிற்று. முதல்வர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இன்றைக்கு என்றால் வேறு மாதிரிக் கேட்டிருப்பேன். தள்ளினால் திறக்கும், ஆனால் திறந்தால் விடுதியே எழுந்துகொள்கிற மாதிரி அலாரம் அலறும், அப்படிக் கதவுகள் கடையில் கிடைக்கின்றன. கேக்குக்காகத் திறந்தவளும் மாட்டுவாள், தீயென்றால் எல்லோரும் தப்பிப்பார்கள்.

மாக் டிரில் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 14 தேசியத் தீயணைப்பு நாள். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரம் எங்கள் மைதானத்தில் ஒரு தகர டிரேயில் டீசலை ஊற்றிக் கொளுத்துவார்கள், நிலைய அதிகாரி அணைத்துக் காட்டுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், போட்டோ எடுத்து, கல்லூரிக்குத் தரம் போட வருகிற நாக் (NAAC) குழுவுக்கான ஃபைலில் வைப்போம், வடை டீ. பகல் மூன்று மணிக்கு, வெட்டவெளியில், ஸ்டடி லீவில் பாதி விடுதி ஊருக்குப் போயிருக்கும்போது. ஒரே ஒரு தடவையாவது ராத்திரி இரண்டு மணிக்கு மணியடித்து, நைட்டியோடும் தூக்கக் கலக்கத்தோடும் 180 பேரும் வெளியே வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்திருந்தால், சாவி யாரிடம் என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியதே இல்லை. வாட்ச்மேன் அண்ணாவே கேட்டிருப்பார்.

பல விடுதிகளில் போனையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் 108-க்கோ 112-க்கோ யார் கூப்பிடுவது, லேண்ட்லைன் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பூட்டிய அலுவலக அறையில்.

அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "பிள்ளையைச் சேர்க்கிற நேரத்துல அபசகுனமா தீ அது இதுன்னு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளை மட்டும் நேற்று ராத்திரி கூப்பிட்டாள்.

"சித்தி, பின்பக்கம் இன்னொரு படி இருக்கு. யாருமே யூஸ் பண்றதில்ல. கீழ கதவுக்கு வெறும் தாழ்ப்பாள்தான், பூட்டு இல்ல."

"நல்லதுடா. திறந்து பாத்தியா?"

"எங்க திறக்கிறது? கதவுக்கு முன்னாடி பழைய இரும்புக் கட்டிலா அடுக்கி வச்சிருக்காங்க. பதினொண்ணு இருக்கு, எண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை விசிட்டர்ஸ் டே. வர்றப்போ பழைய சுடிதாரா போட்டுட்டு வா."