கேமரா கண்ணாடியோடு காவடிக்கு வராதீர்கள்

செருப்போடு சேர்த்து, கேமரா வைத்த மூக்குக்கண்ணாடியையும் கோவில் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். இதுதான் என் கட்சி. திட்டுவதற்கு முன் முழுசாகப் படித்துவிடுங்கள்.

தைப்பூசத்தன்று எங்கள் மொரீசியஸில், கத்ர் போர்ன் ஊர் மலைக்கோவில் படிக்கட்டில் ஒரு பையன். பார்த்தால் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி. கிட்டே போனால்தான் ஓரத்தில் லென்ஸ் இருப்பது தெரிகிறது. அவனுக்கு எதிரே நாக்கில் சின்ன வேல் குத்திய ஒரு அக்கா, விரதக் களைப்பில் பாதிக் கண் மூடி, அருள் வந்து நிற்கிறார். காதுப் பக்கக் கம்பியில் விரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். வாயில் வேல் இருக்கிறவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் கண்ணாடி பிராண்டான ரே-பானும் சேர்ந்து 2023இல் விட்ட மாடலையே எடுத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சல் கேமரா, 5 மைக், காதோரம் ஸ்பீக்கர், உள்ளே 32 ஜிபி. பட்டனைத் தட்டினால் போட்டோ, அழுத்திப் பிடித்தால் வீடியோ. வாயால் சொன்னாலும் எடுக்கும். அப்புறம் எல்லாம் போனில் இருக்கும் ஆப்புக்கு வந்துவிடும். எதிரே இருப்பது என்னவென்று ஏஐயிடம் கேட்டால் அந்தப் படம் கம்பெனியின் சர்வருக்கே போகும்.

எடுக்கும்போது முன்பக்கம் சின்னதாக வெள்ளை விளக்கு எரியும். அதை மறைத்தால் கேமரா எடுக்க மறுக்கும். நல்ல ஏற்பாடுதான், விளக்கையே செயலிழக்க வைத்துத் தருகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அதை விடுங்கள், நம்மூர் கோடை வெயிலில், கற்பூரப் புகையில், அந்தப் பொட்டு வெளிச்சம் யார் கண்ணில் படும்?

"எல்லாரும் போனில் எடுக்கிறார்களே மாமா?" என்று என் மருமகன் கேட்டான். போன் என்றால் கையைத் தூக்க வேண்டும்டா. பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், பக்கத்தில் நிற்கிற பெரியவர் ஓர் அதட்டுப் போடலாம். கண்ணாடியில் அதற்கெல்லாம் வழியே இல்லை.

2024இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் இதே கண்ணாடியை, முகத்தை வைத்து ஆளைத் தேடித் தரும் இணையதளத்தோடு இணைத்து, தெருவில் போகிற முன்பின் தெரியாதவர்களின் பெயர், முகவரி வரை எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கத்தான் செய்தார்கள், நிரலை வெளியிடவில்லை. எல்லாரும் அவ்வளவு நல்லவர்களாக இருப்பார்களா? மொரீசியஸில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு அதில் விலக்கு உண்டு. 'எனக்காகத்தான் எடுத்தேன்' என்றால் என்ன செய்வீர்கள்?

கண்ணாடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயில் பார்வை போனவர்கள் இந்தத் தீவில் எத்தனை பேர்! மருந்துச் சீட்டை, பஸ்ஸின் பலகையை அது வாசித்துச் சொன்னால் பெரிய உதவி. அவர்கள் கோவிலுக்கும் தாராளமாகப் போட்டு வரட்டும்.

மற்றவர்களுக்கு, கொடியேற்றத்தன்றே தமிழிலும் இங்கே பேசும் கிரியோல் மொழியிலும் மைக்கில் அறிவித்துவிடலாம். பவர் கண்ணாடியே எனக்கு அதுதான் என்கிறவர்கள், தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கிறதே, பழைய ஜோடியைத் தேடி எடுத்து வைக்கட்டும்.