இலவச வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

“ஃப்ரீ டூர் என்றுதானே போட்டிருக்கிறார்கள், அப்புறம் எதற்குக் காசு?” வெளிநாட்டுப் பயணம் போகிறவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். வழிகாட்டி எந்த வகை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஐரோப்பிய நகரச் சதுக்கங்களில், ஃப்ரீ டூர் என்று ஊரை நடந்து சுற்றிக்காட்டக் கலர் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. டிப்ஸ்தான் வருமானம். 2004-இல் பெர்லினில் தொடங்கிய ஒரு நிறுவனத்துக்குப் பிறகு இந்த முறை ஊர் ஊராகப் பரவியது. பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று கைடுதான் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு குரூப் போட்டோ எடுப்பது பல நேரம் தலை எண்ணத்தான். இரண்டு மணி நேரம் கதை கேட்டுவிட்டு, கடைசித் தெருமுனையில் கூட்டத்திலிருந்து நழுவுகிறவருக்காக அந்தக் கைடு தன் கைக்காசைக் கட்டுகிறார். இதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் போவதுதான் இது.

கையில் குறைவாக இருந்தால் குறைவாகக் கொடுங்கள், பரவாயில்லை. நேரில் நன்றி சொல்லி, அந்த நாட்டுப் பணமாகவே கொடுங்கள். பையில் மிச்சமான வேற்று நாட்டுச் சில்லறையைத் தள்ளிவிடாதீர்கள், அதைப் பெரும்பாலும் மாற்ற முடியாது.

“நிறுவனம் சம்பளம் கொடுக்கட்டுமே” என்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும், எனக்கும் அதே கருத்துதான். ஆனால் நாம் டிப்ஸ் கொடுக்காமல் போனால் நிறுவனத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கைடுக்குத்தான் அன்றைய கூலி போகும்.

தன்னார்வலர்கள் விஷயம் நேர் எதிர். நியூயார்க்கில் 1992-இல் தொடங்கிய பிக் ஆப்பிள் கிரீட்டர், தங்கள் ஊரைக் காட்டும் ஆசையில் வருகிறவர்களின் அமைப்பு. டிப்ஸ் வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஜப்பானின் குட்வில் கைடுகளும் கூலி வாங்குவதில்லை. ஆனால் நம்மோடு வரும்போது அவர்களுக்கு ஆகும் ரயில் கட்டணம், நுழைவுச்சீட்டு, சாப்பாட்டுச் செலவு பொதுவாக நம்முடையது. இவர்கள் கையில் வலுக்கட்டாயமாகப் பணத்தைத் திணித்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதும், வர முடியாவிட்டால் முன்கூட்டியே தகவல் சொல்வதும்தான் இவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

பதிவு செய்யும் பக்கத்திலேயே டிப்ஸ் பற்றிப் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் கிளம்புவதற்கு முன் அந்த வழிகாட்டியிடமே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு இது பழகிய கேள்விதான், தயங்க வேண்டாம்.