சனி எந்த ராசியில் இருக்கிறது?

2025 மார்ச் 29 அன்று சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போகிறது என்று டிவியும் யூடியூபும் வாரக்கணக்கில் மிரட்டிக்கொண்டிருந்தன. அது வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கணக்கு. திருநள்ளாறு கோயில் தரப்பிலோ, பழைய மனப்பாடக் கணக்கில் போகிற வாக்கியப் பஞ்சாங்கப்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்துவிட்டார்கள். சனீஸ்வரனுக்குப் பேர்போன கோயிலிலேயே பெயர்ச்சி இல்லை, ஆனால் பாதி தமிழ்நாட்டில் பெயர்ச்சி பலன் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் இதனால் ஒரு சண்டையும் வரவில்லை. பெரியப்பா மேஷ ராசி. சனி மீனத்துக்குப் போனால் அவருக்கு ஏழரை தொடங்கும். அதனால் அவர் வாக்கியம். அம்மா மகர ராசி. அதே பெயர்ச்சியில் அவருக்கு ஏழரை முடியும். அதனால் அம்மா திருக்கணிதம். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கிரகம் இரண்டு ராசிகளில் பதினோரு மாதம் நின்றது.

“அவரவர் உண்மை அவரவருக்கு” என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு இந்த வாசகம் ஒத்துக்கொள்வதில்லை. சனி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் பதில் என்று இரண்டு கிடையாது. ராசிக்கு எல்லை போட்டது மனிதன்தான், அதை எங்கே போடுவது என்று வாதாடலாம். ஆனால் சனி நிற்கிற இடத்தை நம் வசதிக்கு நகர்த்த முடியாது. வெறும் கண்ணுக்கே தெரிகிற கிரகம் அது. சூரியனை ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம் ஆகும். பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்கு இரண்டரை வருடம், மூன்று ராசிக்கு ஏழரை. இந்தக் கணக்கு வரைக்கும் எல்லாம் சரி. (அந்த மார்ச் மாதம் சனியின் வளையங்கள் நமக்கு விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பியிருந்தன. வருடக்கணக்கில் காத்திருந்தால்தான் கிடைக்கிற காட்சி. சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் யாருக்கும் சரியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. பலன் சொன்னவர்களில் ஒருவர்கூட அதைப்பற்றி வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.)

வாக்கியத்தை மட்டமாகப் பேசுவது என் நோக்கமில்லை. அது பெரிய மூளைகளின் வேலை. சந்திரன் பூமிக்கு நெருங்கி வந்து விலகிப் போகிற சுற்று, ஒன்பது முறை நடந்தால் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாள் ஆகிறது. ஆகவே 248 நாளுக்கும் சந்திரன் நிலையை 248 சிறு வாக்கியங்களாகக் கட்டி, எழுத்துக்குள் எண்ணை ஒளித்து வைத்து மனப்பாடம் செய்தார்கள். வரருசி என்ற பழங்கால வானியல் அறிஞரின் பேரில் வழங்குபவை அவை.

ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-இல் வெளியிட்ட புத்தகத்தில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நெஞ்சிலிருந்தே சொல்லி, அந்த வருடம் மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியிருந்தது தெரிந்தது.

எனக்கு இதில் பிடித்ததே அந்தப் பிசகைச் சொல்ல முடிகிறது என்பதுதான். கிரகணம் எப்போது விட்டது என்பதை ஊரே நிமிர்ந்து பார்க்கிறது. “என்னைப் பொறுத்தவரை இன்னும் விடவில்லை” என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

அப்படிப் பார்த்துத் திருத்தியவர்கள் நம் மரபுக்குள்ளேயே இருந்தார்கள். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431-இல் திருக்கணித முறையை எழுதினார். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867-இல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தவர். பூணூலும் நாமமுமாக வாழ்ந்த மனிதர், தொலைநோக்கியில் பார்த்ததை வைத்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தச் சொன்னார். இன்றைக்கு யாராவது அதைச் சொன்னால் “பாரம்பரியத்தில் கை வைக்காதே” என்கிறார்கள். அப்படித் திருத்தியவர்களே பாரம்பரியம்தானே ஐயா!

சரி, சனி நிற்கிற இடம் தெரிந்துவிட்டது. அது அம்மாவை என்ன செய்யும்? இங்கே வானியல் நின்றுவிடுகிறது. அம்மா திருநள்ளாறு போவார், நள தீர்த்தத்தில் முழுகுவார், எள் தீபம் போடுவார், வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அப்பா போன பிறகான வருடங்களை ‘ஏழரை’ என்று பெயரிட்டு, ஒருநாள் முடியும் என்று நம்பித்தான் அவர் கடந்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு நான் என்ன தந்துவிடப் போகிறேன்? பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துத் தருகிறேன். அது அவருடைய நம்பிக்கை, அதன் செலவும் அவருடையது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். “திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது” என்ற வாட்ஸ்அப் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது (ஏழரை அங்கேயும் விடவில்லை). ஓடுவதால்தான் கீழே விழாமல் இருக்கிறது. நின்றால் விழும். பக்திக்கு இந்தப் பொய் எதற்கு? அம்மா ஒருநாளும் நாசாவிடம் கேட்டுக்கொண்டு முழுகப் போனதில்லை. விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னீர்கள் என்றால் விஞ்ஞானத்தின் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். கேட்டால் மட்டும் “நம்பிக்கையைப் புண்படுத்தாதே” என்பது போங்காட்டம்.

இன்னொன்று, இதைவிட மோசம். என் சித்தி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவள் பிறந்த நேரம் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒன்றின்படி கேட்டை இன்னும் முடியவில்லை, மற்றதன்படி மூலம் தொடங்கிவிட்டது. கேட்டை என்றால் கணவனின் அண்ணனுக்கு ஆகாதாம். மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாதாம். ஒரே பெண், ஒரே பிறந்த நிமிடம். யார் சாகவேண்டும் என்பது எந்தக் கடையில் பஞ்சாங்கம் வாங்கினோம் என்பதைப் பொறுத்தது.

தரகர் இதற்கெல்லாம் கலங்குகிற ஆளா? “மாப்பிள்ளைக்கு அண்ணன் இல்லேன்னா கேட்டைன்னு எழுதிக்கலாம்மா. அப்பா இல்லேன்னா மூலம்” என்றார். அண்ணனும் அப்பாவும் இருக்கிற குடும்பத்துக்கு அவரிடமும் வழியில்லை.

அப்படி ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கும் பிடித்திருந்தது, இவளுக்கும் பிடித்திருந்தது. அப்புறம் பையனின் அப்பா போன் செய்தார். நல்ல படிப்பு, பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். “எங்களுக்கு இதுலெல்லாம் பெருசா நம்பிக்கை இல்லைங்க. இருந்தாலும் எதுக்கு ரிஸ்க்னு பார்க்கிறோம்” என்றார்.

அம்மாவிடமாவது நம்பிக்கை இருக்கிறது. இவரிடம் அதுவும் இல்லை. இவரோடு எந்த உண்மையை வைத்துப் பேசுவது?

சித்தி இப்போதெல்லாம் ஜாதகம் கேட்டு யார் போன் செய்தாலும் முதலிலேயே கேட்டுவிடுகிறார்: “நீங்க வாக்கியமா, திருக்கணிதமா?”