முதலில் அந்த டப்பாவைத் திருப்பிக் காட்டுங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மகளை முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போனேன். 11 வயது. நுனியில் 2 அங்குலம் வெட்டினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வைத்தேன். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னாலேயே அந்த அம்மா குழந்தையின் முடியைக் கையில் அள்ளி, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, கண்ணாடி வழியாக என்னிடம் சொன்னார்: "ரொம்ப டேமேஜ் ஆயிருக்கு மேடம். ஃப்ரிஸ் பாருங்க, முடி எப்படி விரிஞ்சு நிக்குது. இப்பவே ஆர்கன் ஆயில் ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சிட்டா, வயசுக்கு வர்றதுக்குள்ள அடங்கிடும்."

அடங்கிடும். அந்தச் சொல்லைக் கேட்டதும் வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. அந்தப் பிள்ளையின் தலையில் இதுவரை சாயம் பட்டதில்லை, அயர்ன் பட்டதில்லை, ஹேர் டிரையர்கூடப் பட்டதில்லை. பிறந்ததிலிருந்து சுருள் சுருளாக வளரும் முடி. எங்கள் அம்மாவுக்கு அப்படி, எனக்கு அப்படி, அவளுக்கும் அப்படி. இதில் டேமேஜ் எங்கிருந்து வந்தது? வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: "சித்தி, என் முடி கெட்டுப்போச்சா?"

இதே சொல்லை நம்பி 2 வருடம் ஏமாந்தவள் நான். ஆர்கன் ஆயில் என்பது மொராக்கோ நாட்டு மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய். முதலில் 'ஆர்கன் ஆயில் ஹேர் ஸ்பா', ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், 4 தடவை. அப்புறம் முடியை நேராக்கும் 'ஆர்கன் ஆயில் ஸ்மூத்தனிங்', 6,500. அது நிலைக்க வேண்டுமென்றால் இந்த ஷாம்பூதான், இந்த சீரம்தான் என்று தலையில் கட்டியது தனி. கூட்டிப் பார்த்தால் 15,000-ஐத் தாண்டுகிறது. ஒரு மாத வீட்டு வாடகை.

அந்த ஸ்மூத்தனிங் நாளை என்னால் மறக்க முடியாது. கிண்ணத்தில் வெள்ளை க்ரீமைக் கொட்டி, முடியை வகிடு வகிடாகப் பிரித்து பிரஷ்ஷால் தடவினார்கள். ஊறவைத்து, காயவைத்து, அயர்னை எடுத்து ஒவ்வொரு கற்றையாக அழுத்தி இழுத்தார்கள். இழுக்க இழுக்க வெள்ளையாகப் புகை கிளம்பியது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, தொண்டை கரகரத்தது. ஜன்னல் இல்லாத அறை, கதவைச் சாத்தி ஏசி ஓடுகிறது. எனக்கு அயர்ன் போட்ட பெண்ணுக்கு 20 வயதுக்கு மேல் இருக்காது. மாஸ்க் தாடையில் தொங்கியது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு கற்றையை இழுப்பாள், புகை கொஞ்சம் கலைந்த பிறகு மூச்சை விடுவாள், மறுபடி அடுத்த கற்றை. "என்னம்மா இந்த வாடை?" என்று கேட்டேன். "ஆர்கன் ஆயில்தான்கா, சூடு பட்டா அப்படித்தான் வரும்" என்றாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள்மேல் எனக்குத் துளிக்கூடக் கோபமில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தலை என்றாள். நான் ஒரு நாள் பட்ட அவஸ்தையை அவள் மாதம் முழுக்கப் படுகிறாள்.

எண்ணெய் புகைந்தால் எப்படி இருக்கும் என்று தாளித்துப் பழகிய எவருக்கும் தெரியும். அது எண்ணெய்ப் புகை இல்லை. முடியை நிமிர்த்தும் இந்த வகை க்ரீம்களில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருந்திருக்கிறது. மெத்திலீன் கிளைகால் என்று பெயரை மாற்றி எழுதினாலும், சூடு பட்டதும் வெளியே வருவது அதே வாயுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த கிளையாக்சிலிக் அமிலமும் யோக்கியமானதில்லை. ஒரே பெண் மூன்று தடவை ஸ்ட்ரெயிட்டனிங் செய்துகொண்டு, மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவளுக்குத் தடவிய க்ரீமில் இந்த அமிலம் இருந்தது.

என் தலையில் தடவியதில் என்ன இருந்தது? டப்பாவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "இம்போர்ட்டட் மேடம், பயப்படாதீங்க" என்றார்கள். கடைசிவரை டப்பா வரவே இல்லை. என் தலை, என் காசு, என் மூச்சு. உள்ளே போவது என்ன என்று கேட்டால் அதற்குப் பதில் 'பயப்படாதீங்க' என்பதா?

அதன் பலனையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் கம்பி மாதிரி நின்றது. நாலாவது மாதம் வேர்ப்பக்கம் மூன்று விரற்கடை சுருட்டை, அதற்குக் கீழே கம்பி. இரண்டும் சேருகிற இடத்தில் முடி ஒடிய ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளியலறை ஜாலியில் எல்லாம் என் முடி. உண்மையிலேயே டேமேஜ் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

க்ரீம் டப்பாதான் கிடைக்கவில்லை, சீரம் பாட்டில் என் வீட்டில் இருந்தது. முன்பக்கம் பொன்னிற எழுத்தில் ஆர்கன் ஆயில் என்று போட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் படம். பின்பக்கம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். முதலில் சைக்ளோபென்டாசிலாக்சேன். அடுத்தது டைமெத்திகோனால். இரண்டும் சிலிக்கோன். அதற்கப்புறம் என்னென்னவோ, அப்புறம் வாசனைப் பொருள், அதற்கும் பின்னால், வரிசையின் வாலில் ஆர்கன். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். வாசனைக்கும் பின்னால் நிற்கிற எண்ணெய் அந்த 100 மில்லியில் எவ்வளவு இருந்துவிடும்?

சிலிக்கோன் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அது முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, காற்றின் ஈரம் உள்ளே போவதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். பளபளப்பும் வரும். அந்த வேலையைச் செய்வது சிலிக்கோன் என்றால் சிலிக்கோன் என்று சொல்லி விற்க வேண்டியதுதானே? மொராக்கோவில் இருக்கிற மரத்தை ஏன் இழுக்கிறார்கள்?

அந்த மரத்தைப் பற்றியும் படித்தேன். மொராக்கோவின் தென்மேற்கே, அகாதிர், எஸ்ஸவீரா பக்கத்து வறண்ட நிலத்தில் வளரும் முள்மரம். அந்தப் பகுதியை 1998-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பெர்பர் இனப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு கல்மேல் கொட்டையை வைத்து இன்னொரு கல்லால் தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை எடுத்து, அரைத்துப் பிழிகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கைவேலையை 2014-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று புரியும். அவர்கள் கை நோகப் பிழிந்த எண்ணெயின் பெயரை எடுத்து, சிலிக்கோன் பாட்டிலிலும் புகை கிளம்பும் க்ரீமிலும் ஒட்டி இங்கே நம்மிடம் காசு பறிப்பது அநியாயம். அந்தப் பெண்களுக்கும் அநியாயம், நமக்கும் அநியாயம்.

கலப்பில்லாத ஆர்கன் எண்ணெயையும் 30 மில்லி வாங்கிப் பார்த்தேன். வெளிர் மஞ்சள், லேசான கொட்டை வாசம். ஈர முடியில் இரண்டு மூன்று சொட்டைக் கையில் தேய்த்து நுனியில் தடவினால் மெத்தென்று இருக்கும், சிக்கு சுலபமாக விடும். நல்ல எண்ணெய்தான். ஆனால் சுருட்டையை அது நேராக்காது. எந்த எண்ணெயும் நேராக்காது. சித்திரை மாத வியர்வையில் ஒரு சொட்டு கூடினாலும் பிசுபிசுவென்று கழுத்தில் ஒட்டும். இதை எந்தப் பார்லரிலும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் எது தெரியுமா? இந்த 2 வருடத்தில், இத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்ததில், ஒருவர்கூட என்னிடம் "உங்க வீட்டுல என்ன தண்ணி?" என்று கேட்கவில்லை.

எங்கள் அடுக்குமாடியில் போர்வெல் தண்ணீர். கோடையில் போர் இறங்கிவிட்டால் லாரி தண்ணீர், அதுவும் எங்கோ ஒரு போரிலிருந்து வருவதுதான். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டுவிட்டது, மாதா மாதம் ஊசி வைத்துக் குத்தி எடுக்கிறேன். பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியது மாதிரி இருக்கும். ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வந்தவர் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் என்று காட்டியது. குடிநீருக்கு 500 வரைதான் ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தரநிலை. இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது; நாலு விசில் விட்டாலும் முழிக்கும். பருப்பே வேகாத தண்ணீரை வாரம் மூன்று நாள் தலையில் ஊற்றிக்கொள்கிறோம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் ஷாம்பூவை நுரைக்க விடாது, முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், ஒரு முடி இன்னொன்றோடு உரசிக்கொண்டு நிற்கும்.

போன வருடம் கோயம்புத்தூரில் சித்தி வீட்டில் நாலு நாள் தங்கினேன். அங்கே சிறுவாணித் தண்ணீர். அதே ஷாம்பூ, வழக்கமாக எடுப்பதில் பாதிதான் எடுத்தேன், நுரை அடங்கவே இல்லை. எந்த சீரமும் போடாமல் காயவிட்டேன். சுருள்கள் தனித்தனியாகப் பிரிந்து தோளில் விழுந்தன. கண்ணாடி முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். என் முடி இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு 34 வயதில்தான் தெரிந்தது.

தண்ணீர் ஒரு பக்கம் என்றால் காற்று இன்னொரு பக்கம். சென்னை கடற்கரை ஊர், காலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் விடும், காய்ந்தால் புது வடிவில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அயர்ன் போட்டு ஒரு நாளைக்கு நேராக்குவதும் இந்த வித்தைதான், ஈரக் காற்று பட்டதும் அது கலைவதும் இதனால்தான். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறும்போது படிந்திருக்கும் முடி, திருவான்மியூரில் இறங்கும்போது விரிந்து நிற்கும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். இது வங்காள விரிகுடாவின் காற்று. என் முடியில் என்ன குற்றம்?

இதோடு விட்டார்களா? "தேங்காய் எண்ணெய் வைக்கிறீங்களா? அதனாலதான் மேடம் இப்படி" என்று ஒரு பார்லரில் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. குளிக்கும்போது முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு, முடிக்குள்ளேயே இறங்கும். அதற்காகத் தேங்காய் எண்ணெய் வைத்தால் சென்னையில் முடி விரியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், விரியத்தான் செய்யும். ஆனால் குளிப்பதற்கு முன்னால் வைக்கிற செக்கு எண்ணெயைக் குற்றவாளியாக்கிவிட்டு, பெயர் தெரியாத க்ரீமை விற்பது எந்த ஊர் நியாயம்?

பள்ளிக்கூடத்தில் 'குருவிக்கூடு', 'தேங்காய் நார்', 'பறட்டை' என்றார்கள். இரட்டைப் பின்னல் போட்டு எண்ணெய் வழியவழியப் படிய வாரினால்தான் ஒழுக்கமான பிள்ளை. ஆபீசில் இன்றைக்கும் கிளையன்ட்டோடு வீடியோ கால் என்றால், டீம் லீட் வந்து "கொஞ்சம் கட்டிக்கோங்களேன்" என்பார். ஆண்கள் யாரிடமும் அவர் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. இந்த அவமானத்தில்தான் பார்லர்கள் பிழைக்கின்றன. நாம் முதலிலேயே கூனிக் குறுகிப் போய் உட்காருவதால்தான் 'டேமேஜ்' என்ற ஒரு சொல்லில் பர்ஸைத் திறக்கிறோம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகளுக்கு நானே தலைக்கு ஊற்றினேன். கடைசி இரண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணீர். துண்டால் தேய்க்காமல் அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்தேன். பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, ஈரத்திலேயே விரலால் சுருட்டி விட்டேன். "உன் முடி கெட்டுப்போகலைடா, அது அப்படித்தான் வளரும், எனக்கும் அப்படித்தான்" என்றேன். ஒரு சுருளை இழுத்து விட்டாள், அது ஸ்பிரிங் மாதிரி மேலே போனது. மறுபடி இழுத்தாள்.

இன்று காலை அந்தப் பார்லரிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. குழந்தைகளுக்கான ஆர்கன் ஆயில் ஸ்பா, இந்த வாரம் மட்டும் 20 சதவீதம் தள்ளுபடி. நீங்கள் உபயோகிக்கும் க்ரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று பதில் போட்டேன். காலை 10 மணிக்கே இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. இரவு 9 ஆகிறது, படம் வரவில்லை.